செயல்திறன் காரில் புதிய எரிபொருள் லைன் அமைப்பது எப்படி: முதன்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

என்ஜினின் சக்தியைக் கணிசமாகக் கூட்டியவர்கள், பம்ப்பையும் இன்ஜெக்டர்களையும் பெரிதாக்கிய பிறகு, டேங்க்கிலிருந்து என்ஜின் வரை ஓடும் தொழிற்சாலை லைனில் வந்து நிற்பார்கள். அந்த லைன் காரின் மூல சக்திக்குக் கணக்கிட்டுப் போடப்பட்டது. சக்தி இரு மடங்கானாலும் அதே குழாய் போதும் என்று எண்ணக் கூடாது. அதே வேளையில், மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அவசரப்படவும் கூடாது. இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பகிரும் குழாயான ஃபியூவல் ரெயிலில் ஒரு பிரஷர் கேஜ் அல்லது சென்சார் பொருத்தி, முழு லோடில் அழுத்தம் சரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அழுத்தம் சரிந்து, பம்ப்புக்கு வரும் வோல்டேஜ் சரியாக இருந்து, ஃபில்டரும் புதிதாக இருந்தால், அப்போதுதான் லைன் மீது சந்தேகம் கொள்வதில் நியாயம் உண்டு. பழைய லைன் துருப்பிடித்திருந்தாலோ, எத்தனால் கலந்த எரிபொருளுக்கு மாறுவதாக இருந்தாலோ, பம்ப்பின் இடத்தையே மாற்றுவதாக இருந்தாலோ, அந்தச் சோதனைக்குக் காத்திராமல் புது லைன் போடலாம்.

கசிவு குழாயின் நடுவில் வருவது அரிது, இணைப்புகளில்தான் வரும். ஆகவே தவிர்க்கக்கூடிய இணைப்பைத் தவிர்த்துவிட்டு, தவிர்க்க முடியாத ஒவ்வொன்றையும் முறையாக உட்கார வைப்பதுதான் இந்த வேலையின் சாரம். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும் இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி முடிவுகள் தாமாகவே அமைந்துவிடும்.

தொடங்குவதற்கு முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு படர்ந்து, பள்ளமான இடங்களில் தேங்கும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். ஆகையால் ஆய்வுக் குழிக்கு மேல் காரை நிறுத்தி இந்த வேலையைச் செய்யவே கூடாது. திறந்த, காற்றோட்டமான இடத்தில், சமதரையில், உறுதியான ஜாக் ஸ்டாண்டுகள் மீது காரை நிறுத்த வேண்டும்; ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். உலர்பொடி அல்லது நுரை வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும். சூடாகும் பழைய பல்பு விளக்குக்குப் பதிலாக மூடிய எல்இடி விளக்கைப் பயன்படுத்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் கட்டாயம். அருகில் கிரைண்டரோ வெல்டிங்கோ நடக்கக் கூடாது.

அடுத்து, லைனில் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். டேங்க் மூடியைத் திறந்துவிட்டு, பம்ப்பின் ரிலே அல்லது ஃபியூஸைக் கழற்றி, என்ஜினை ஓட விட்டால் அது லைனில் எஞ்சியிருக்கும் எரிபொருளைக் குடித்துவிட்டு நின்றுவிடும். அதன் பிறகு ஓரிரு விநாடி ஸ்டார்ட்டரைச் சுழற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இவ்வளவும் செய்தாலும் லைனுக்குள் சிறிது பெட்ரோல் இருக்கும். முதல் இணைப்பைத் திறக்கும்போது அதைத் துணியால் சுற்றிப் பிடித்து மெல்லத் தளர்த்த வேண்டும், கீழே தரையில் ஒரு உலோகத் தட்டு இருக்க வேண்டும்.

நேரடி ஊசி முறை, அதாவது டைரக்ட் இன்ஜெக்ஷன் உள்ள கார்களில் என்ஜின் மீதிருக்கும் உயர் அழுத்தப் பம்ப்புக்குப் பிந்தைய பகுதி 200 பார் வரையிலும் அதற்கு மேலும் இயங்கும். அந்தப் பகுதி இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. இங்கே சொல்லும் ஹோஸ்களை அங்கே போடக் கூடாது. டேங்க்கிலிருந்து அந்தப் பம்ப் வரையிலான குறைந்த அழுத்த லைனுக்கு மட்டுமே இந்த வழிமுறை பொருந்தும்.

எவ்வளவு எரிபொருள் தேவை, எந்த அளவு லைன்

டர்போ பொருத்திய பெட்ரோல் என்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் எரிபொருளைக் கேட்கும். டர்போ இல்லாதது அதைவிடக் குறைவாக, சுமார் 230 கிராம் கேட்கும். 400 குதிரைத்திறன் கொண்ட டர்போ என்ஜின் என்றால் மணிக்கு 108 கிலோ, அதாவது ஏறத்தாழ 145 லிட்டர். இதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் 175 லிட்டர் ஆகும். 85 சதவீதம் எத்தனால் கொண்ட எரிபொருள் என்றால் கனஅளவில் 30 முதல் 40 சதவீதம் வரை கூடுதலாகத் தேவைப்படும். பம்ப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவை அப்படியே நம்பிவிடக் கூடாது. அழுத்தம் ஏற ஏறப் பம்ப் தரும் அளவு குறையும். பல கார்களில் ரெயிலின் அடிப்படை அழுத்தம் 3 பார், அதாவது சுமார் 43.5 பிஎஸ்ஐ. ரெயிலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், டர்போ தரும் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) பின்தொடரும் வகையாக இருந்தால், 1 பார் பூஸ்டில் ரெயிலில் 4 பார் இருக்கும். அந்த 4 பாரில் பம்ப் எவ்வளவு தரும் என்பதைத்தான் அதன் வரைபடத்தில் பார்க்க வேண்டும்.

செயல்திறன் கார்களில் புழங்கும் ஏஎன் அளவுமுறையில், எண் என்பது குழாயின் வெளிவிட்டத்தை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கால் குறிப்பது. ஏஎன் 6 என்றால் 6/16, அதாவது 3/8 அங்குலம். ஏஎன் 8 என்றால் அரை அங்குலம். பெட்ரோலில் 500 குதிரைத்திறன் வரையிலான பெரும்பாலான கார்களுக்கு ஏஎன் 6 போதும். அதற்கு மேல் போனாலோ, எத்தனாலுக்கு மாறினாலோ ஏஎன் 8 எடுப்பது நல்லது. தேவைக்கு மேல் பெரிய லைனால் சக்தி கூடாது. எடையும், வளைக்கும் சிரமமும், செலவும்தான் கூடும். பம்ப் டேங்க்குக்கு வெளியே இருந்தால் மட்டும், டேங்க்கிலிருந்து பம்ப் வரையிலான உறிஞ்சும் பகுதியை ஒரு அளவு பெரிதாகப் போட வேண்டும். பம்ப்புகள் தள்ளுவதில் வல்லவை, இழுப்பதில் பலவீனமானவை. இழுக்கும் பக்கம் நெருக்கடி ஏற்பட்டால் சூடான பெட்ரோல் அங்கேயே ஆவியாகி, பம்ப் ஆவியையே சுழற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் வெளிப் பம்ப்பை டேங்க்குக்கு அருகிலும், டேங்க்கின் அடிமட்டத்துக்கு இணையாகவோ அதற்குக் கீழாகவோ வைக்கச் சொல்கிறார்கள்.

ரப்பரா, பிடிஎஃப்இயா

ஸ்டீல் பின்னல் போர்த்திய ஹோஸ்களில் இரண்டு வகை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். ஒன்றின் உட்குழாய் ரப்பர். மற்றொன்றின் உட்குழாய் பிடிஎஃப்இ, அதாவது டெஃப்லான் எனப்படும் பிளாஸ்டிக். ரப்பர் ஹோஸ் எளிதாக வளையும், விலையும் குறைவு. ஆனால் காலப்போக்கில் உள்ளே வெடிப்பு விடும். அந்த வெடிப்பைப் பின்னல் மறைத்துவிடும். ஆவியும் ரப்பர் வழியே மெல்ல ஊடுருவும். நன்றாக இறுக்கிய லைன் இருந்தும் காருக்குள் பெட்ரோல் வாடை வருவதற்கு இதுவே அடிக்கடி காரணம். பிடிஎஃப்இ ஹோஸில் ஊடுருவல் மிகமிகக் குறைவு. எத்தனாலும் அதை ஒன்றும் செய்யாது. சாலையில் ஓடும் காருக்கு என் பரிந்துரை பிடிஎஃப்இதான். அதன் குறை, குறுகிய வளைவுகளை ஏற்காது என்பது. ஒரு முறை மடிந்து தழும்பு விழுந்துவிட்டால் அந்தத் துண்டை வீசிவிட வேண்டும், நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது.

பிடிஎஃப்இ வாங்கும்போது, உட்குழாய் கறுப்பாக, அதாவது மின்சாரம் கடத்தும் கார்பன் கலந்ததாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வேகமாக ஓடும் பெட்ரோல் குழாயின் சுவரில் நிலைமின்சாரத்தை ஏற்றும். வெள்ளை நிற உட்குழாயில் அது வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, ஒரு கட்டத்தில் சுவரைத் துளைத்துப் பின்னலுக்குத் தாவும். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் அப்படித்தான் உண்டாகின்றன.

காரின் அடித்தளத்துக்குக் கீழே நீளமாகப் போகும் பகுதிக்கு ஹோஸைவிட உலோகக் குழாயே மேல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறுதியானது, வளைப்பதும், ஃபிளேர் எடுப்பதும் (குழாயின் முனையைக் கூம்பாக விரிப்பதும்) கடினம். செம்பு-நிக்கல் கலவைக் குழாய் கையாலேயே வளையும், துருவும் ஏறாது. அலுமினியம் இலகுவானது, ஆனால் கல்லடிக்குத் தாங்காது; மெத்தனாலுக்கு அறவே ஆகாது. காரின் அடியில் ஒரே நீள உலோகக் குழாய், இரு முனைகளிலும் குட்டையான ஹோஸ் என்ற அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் ஹோஸ் தனி வகை; எஸ்ஏஇ ஜே30ஆர்10 என்ற தரக்குறி உள்ளதை மட்டுமே அங்கே போட வேண்டும். சாதாரண ஹோஸின் வெளித்தோல் பெட்ரோலில் ஊறி உப்பிக் கரைந்து, அந்தத் துகள்கள் ஃபில்டரை அடைக்கும்.

ஃபிட்டிங்குகளில் தவறு நேரும் இடங்கள்

ஏஎன் ஃபிட்டிங்கின் கூம்பு 37 டிகிரி. வாகனங்களில் புழங்கும் மற்றொரு ஃபிளேர் 45 டிகிரி. சில அளவுகளில் இரண்டின் மரையும் ஒன்றோடொன்று ஏறிவிடும். ஏறினாலும் கூம்புகள் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும், எவ்வளவு இறுக்கினாலும் கசியும். அதேபோல் ஓ-ரிங் வைத்து அடைக்கும் ஓஆர்பி துளைகளின் மரையும் ஏஎன் மரையும் ஒன்றே. ஆனால் கூம்பு ஃபிட்டிங்கை ஓ-ரிங் துளையில் திருகினால் அடைப்பு என்று எதுவுமே இருக்காது. ரெகுலேட்டரும் ஃபியூவல் ரெயிலும் வாங்கும்போதே எந்த வகைத் துளை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூம்பிலும் ஓ-ரிங்கிலும் மரை அடைப்பதில்லை. ஆகவே அங்கே டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. அறுந்த டேப் துணுக்குகள் நேராக இன்ஜெக்டருக்குப் போகும். சரிவான என்பிடி மரைக்கு மட்டும் பெட்ரோல் தாங்கும் திரவ சீலண்ட் தேவை. அதையும் முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டுத் தடவ வேண்டும். ரப்பர் ஹோஸுக்கான ஃபிட்டிங்கும் பிடிஎஃப்இ ஹோஸுக்கான ஃபிட்டிங்கும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. ஒன்றில் மற்றதைத் திணித்துப் பார்த்தால் கையில் இழுக்கும்போது கெட்டியாகத் தோன்றும், அழுத்தத்தில் கழன்று வரும்.

பாதையைத் தீர்மானித்தல்

வெட்டுவதற்கு முன் ஒரு தடிமனான கயிற்றையோ பழைய ஹோஸையோ முழுப் பாதையிலும் ஓட்டிப் பாருங்கள். எக்ஸாஸ்ட்டிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலக வேண்டும். விலக முடியாத இடத்தில் வெப்பத் தடுப்புத் தகடும், அதற்கு மேல் வெப்ப உறையும் தேவை. புரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்டீயரிங் இணைப்புகள், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது வந்து சேரும் இடம், ஜாக் வைக்கும் புள்ளி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சேஸிஸின் மிகத் தாழ்ந்த விளிம்புக்குக் கீழே லைன் தொங்கக் கூடாது. தொழிற்சாலை லைன் போன பாதையே பெரும்பாலும் நல்ல பாதை. அதை வடிவமைத்தவர்கள் மோதல்களையும் கணக்கில் கொண்டிருப்பார்கள்.

30 முதல் 45 சென்டிமீட்டருக்கு ஒரு கிளாம்ப் என்று ரப்பர் பதித்த கிளாம்ப்புகளால் லைனைப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் டை வெப்பத்தில் நொறுங்கும், அதை நிரந்தரப் பிடிப்பாக எண்ணக் கூடாது. தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் கிராமெட் அல்லது சுவரோடு இறுகும் பல்க்ஹெட் ஃபிட்டிங் வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, ஸ்டீல் பின்னல் ஒரு அரம் போன்றது என்பதுதான்: அது தகட்டில் உரசினால் தகடு தேயும், மின்கம்பியில் உரசினால் உறை போகும், மற்றொரு ஹோஸில் உரசினால் இரண்டுமே போகும். என்ஜின் தன் மவுண்ட்டுகளில் அசையும். ஆகவே காரின் உடலிலிருந்து என்ஜினுக்குத் தாவும் ஹோஸில் தளர்வு வேண்டும். அழுத்தம் ஏறும்போது ஹோஸின் நீளம் சற்றே குறையக்கூடும் என்பதும் அதே தளர்வைக் கேட்கும் காரணம். பயணிகள் அமரும் பகுதி வழியே லைன் போவதைத் தவிர்ப்பது சிறந்தது. போயே ஆக வேண்டுமென்றால், முன்சுவரிலும் பின்சுவரிலும் தவிர நடுவில் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. எஃப்ஐஏ பந்தய விதியும் இதையே வலியுறுத்துகிறது.

வெட்டுவதும் கோப்பதும்

பிடிஎஃப்இ ஹோஸைக் கோக்கும் முறையை விரிவாகச் சொல்கிறேன். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இறுக்கமாக மூன்று சுற்றுச் சுற்றி, நடுவில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நல்ல ஹோஸ் கத்தரியோ, மெல்லிய வெட்டுச் சக்கரமோ, நுண்பல் ஹாக்ஸா பிளேடோ போதும். வெட்டு நேர்க்கோணமாக விழ வேண்டும் என்பதே முக்கியம். வெட்டுச் சக்கரத்தின் தீப்பொறி என்பதால் அந்த வேலையைக் காரிலிருந்து தள்ளி, பெட்ரோல் படாத புது ஹோஸில் மட்டும் செய்ய வேண்டும். வெட்டிய முனையில் உட்குழாயின் பிசிறைக் கூரான பிளேடால் சீவிவிட்டு, ஹோஸுக்குள் அழுத்தக் காற்றை இரு பக்கமிருந்தும் ஊதுங்கள்.

இனி, ஃபிட்டிங்கின் வெளி உறையை முதலில் ஹோஸின் மேல் நுழைத்துக் கீழே தள்ளி வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு அடுத்த படிக்குப் போனால், விரித்த பின்னலின் மேல் உறை நுழையாது. பிறகு டேப்பைப் பிரித்து, பின்னலைச் சிறிய ஸ்குரூடிரைவரால் சுற்றிலும் மெல்ல வெளிப்பக்கம் விரித்து, ஆலிவ் எனப்படும் சிறு பித்தளை வளையத்தை உட்குழாய்க்கும் பின்னலுக்கும் இடையே செலுத்த வேண்டும். இந்த இடத்தில் அவசரம் ஆகாது. தலைமுடி போன்ற ஒரே ஒரு கம்பி ஆலிவுக்கும் உட்குழாய்க்கும் நடுவில் சிக்கிக்கொண்டாலும், அந்தக் கம்பி பதியும் கோடு வழியாகவே பெட்ரோல் வெளியேறும். நல்ல வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஹோஸை நேராகப் பிடித்து மட்டமான மரப்பலகையில் அழுத்தினால், உட்குழாயின் முனை ஆலிவின் உட்படியில் போய் உட்காரும். பிறகு ஃபிட்டிங்கின் கூர்முனைக்கு ஒரு துளி எண்ணெய் தொட்டு, அதை நேராக உட்குழாய்க்குள் அழுத்தி, உறையை மேலே இழுத்துக் கையால் சில மரை திருகுங்கள். அதன் பின் அலுமினியத் தாடை போட்ட வைஸில் பிடித்து, ஏஎன் ஸ்பேனரால் உறைக்கும் அறுகோணத்துக்கும் இடையே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி எஞ்சும்வரை இறுக்க வேண்டும். இரும்புத் தாடையும் பைப் ரெஞ்சும் அலுமினிய ஃபிட்டிங்கைக் கடித்துக் குதறிவிடும்.

ரப்பர் ஹோஸில் ஆலிவ் கிடையாது. உறைக்குள் ஹோஸை அடிவரை திருகி நுழைத்து, உறையின் வாயருகே ஹோஸில் ஒரு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டு, எண்ணெய் தடவிய முனையைத் திருகி இறக்க வேண்டும். இறுக்கி முடித்ததும் அந்த டேப் உறையிலிருந்து விலகியிருந்தால், ஹோஸ் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது என்று பொருள். கழற்றி மறுபடி செய்யுங்கள்.

இரு முனைகளிலும் வளைந்த ஃபிட்டிங் வரும் துண்டாக இருந்தால், கடைசி இறுக்கத்துக்கு முன் அதைக் காரில் வைத்துப் பார்த்து, இரண்டு வளைவுகளும் நோக்க வேண்டிய திசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஹோஸைத் திருகி இணைப்போடு பொருத்தக் கூடாது. முறுக்கேறிய ஹோஸ் அழுத்தம் ஏறும்போதெல்லாம் தன்னைத் தளர்த்திக்கொள்ளப் பார்க்கும்.

உலோகக் குழாயில் ஃபிளேர் எடுப்பதற்கு முன் நட்டையும் ஸ்லீவையும் நுழைத்துவிட்டு, 37 டிகிரி கருவியால் ஒற்றை ஃபிளேர் எடுக்க வேண்டும். ஃபிளேரின் முகத்தில் கீறலோ வெடிப்போ இருந்தால் வெட்டிவிட்டு மீண்டும் எடுங்கள்.

காரில் பொருத்துதல்

பம்ப்புக்கு முன்னால் 100 மைக்ரான் அளவுள்ள கரடான ஃபில்டர், பம்ப்புக்குப் பின்னால் 10 மைக்ரான் அளவுள்ள நுண்ணிய ஃபில்டர் என்பதே வழக்கமான வரிசை. நுண்ணிய ஃபில்டரைப் பம்ப்புக்கு முன்னால் வைத்தால் பம்ப் உறிஞ்சத் திணறும். ரெகுலேட்டர் ரெயிலுக்குப் பின்னால், எளிதில் கை போகும் இடத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் குறுகலாக இருந்தால், எரிபொருள் குறைவாகச் செலவாகும் ஐடிலில் அழுத்தம் தானாக ஏறி நிற்கும்.

டேங்க்குக்குள் பம்ப்பைத் தாங்கும் மாட்யூலில் தொழிற்சாலை குவிக் கனெக்டர் இருந்தால், அதற்கேற்ற அடாப்டர் போடலாம். கிளிக் செய்து மாட்டும் பிளாஸ்டிக் வகையைவிட, மரை மூடி போட்டு இறுக்கும் வகை நம்பகமானது. ஹோஸ் கிளாம்ப் தேவைப்படும் இடத்தில், துளை வெட்டிய சாதாரண திருகு கிளாம்ப் ரப்பரை அறுக்கும். பட்டை முழுதும் வழுவழுப்பாக இருக்கும் இன்ஜெக்ஷன் கிளாம்ப்பையே போடுங்கள்.

கூம்பு இணைப்புகளை மரையில் சிறிது எண்ணெய் தொட்டுக் கையால் முழுதாகத் திருகிய பிறகு, இரண்டு ஸ்பேனர் பிடித்து, அறுகோணத்தின் ஒரு முகம் அளவுக்கு, அதாவது ஆறில் ஒரு சுற்று அளவுக்கு இறுக்குவது தொடக்க அளவு. தயாரிப்பாளர் டார்க் அளவு கொடுத்திருந்தால் அதுவே முடிவானது. கசிந்தால் மேலும் மேலும் இறுக்குவது தீர்வாகாது. கழற்றி, கூம்பைத் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியக் கூம்பை அளவுக்கு மீறி நசுக்கினால் அது நிரந்தரமாகப் பாழாகும். இறுக்கி முடித்த ஒவ்வொரு இணைப்பிலும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால், எது இறுக்கப்பட்டது, எது பிறகு நகர்ந்தது என்பது ஒரே பார்வையில் தெரியும்.

சோதனை

கோத்த ஹோஸ்களைக் காரில் ஏற்றுவதற்கு முன்பே, ஒரு முனையை மூடி, மறுமுனையில் இயங்கும் அழுத்தத்துக்கு ஈடான காற்றைக் கொடுத்து, வாளித் தண்ணீரில் மூழ்க வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் பின்னலுக்குள் சிக்கிய காற்றால் சில குமிழ்கள் வரும். தொடர்ந்து ஒரே இடத்திலிருந்து வருவதுதான் கசிவு. சோதித்ததும் உள்ளே நன்றாக ஊதி உலர்த்த வேண்டும்.

காரில் எல்லாம் பொருத்தியதும், என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் சில முறை போட்டுப் போட்டு எடுங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் சில விநாடி ஓடி லைனை நிரப்பும். அப்போது இன்னொருவர் தீயணைப்பானோடு அருகில் நிற்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பின் அடிப்பாகத்தையும் உலர்ந்த வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்க்க வேண்டும்; கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். கைவிரலால் தடவிப் பார்ப்பது போதாது, பெட்ரோல் அதற்குள் ஆவியாகிவிடும். எல்லாம் உலர்ந்திருந்தால் மட்டும் என்ஜினை ஓட்டி, ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, அடிப்படை அழுத்தத்தைச் சரிசெய்து, ஹோஸை மீண்டும் மாட்டுங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு முறையும், அணைத்து முழுதாகக் குளிர்ந்த பிறகு ஒரு முறையும் அதே காகிதச் சோதனையைச் செய்ய வேண்டும். சூட்டில் விரிந்து அடைத்துக்கொண்டிருந்த இணைப்பு குளிரில் கசியத் தொடங்குவது உண்டு.

முதல் சில ஓட்டங்களை மிதமாக வைத்துக்கொண்டு, பிறகு கரடான ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ரப்பர்த் துணுக்கோ உலோகத் தூளோ தெரிந்தால் கோக்கும்போது சுத்தம் போதவில்லை என்று பொருள். ஃபில்டரைக் கழுவி மாட்டிவிட்டு, அடுத்த ஓட்டத்துக்குப் பின்னும் பார்க்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் பெயிண்ட் கோடுகள் நேராக இருக்கின்றனவா, கிளாம்ப்புகளின் ரப்பர் நகர்ந்திருக்கிறதா, பின்னலில் அறுந்த கம்பி துருத்துகிறதா என்று பாருங்கள். ரப்பர் ஹோஸ் போட்டவர்கள் உலர்ந்த துணியால் ஹோஸை நீளவாக்கில் துடைத்து முகர்ந்து பார்க்கலாம். துணியில் பெட்ரோல் வாடை ஏறினால் அந்த ஹோஸை மாற்றும் காலம் வந்துவிட்டது.